இல்லாத இயக்கம்

நிழல் சதுரங்கம் – 14

சென்ற வாரம், சோவியத் அரசின் எதிரியான போரிஸ் சவின்கோவை அதன் உளவுத்துறை ஆசை காட்டி மின்ஸ்க் வரை வரவழைத்துப் பிடித்த கதையைப் பார்த்தோம். 1924 ஆகஸ்டில் அவர் சிக்கியபோது, அதைவிடப் பெரிய வலை ஒன்று ஏற்கெனவே விரிக்கப்பட்டிருந்தது. அதன் பெயர் ‘டிரஸ்ட்’. 1921-ன் இறுதியில் தொடங்கி 1927 ஏப்ரல் வரை, ரஷ்யாவுக்குள் ஒரு ரகசிய மன்னராட்சி இயக்கம் வேர்விட்டு வளர்கிறது என்று பாரிஸ் நம்பியது. பெர்லினும் வார்சாவும் ஹெல்சிங்கியும் நம்பின. இயக்கத்துக்குத் தலைவர்கள் இருந்தார்கள், தூதர்கள் இருந்தார்கள், எல்லையைக் கடக்க ரகசிய வழிகள் இருந்தன. எல்லாவற்றையும் மாஸ்கோவில், லுபியான்கா சதுக்கத்தில் இருந்த உளவுத்துறை அலுவலகமே நடத்தியது.

இந்தக் கதையை சோவியத் தொலைக்காட்சி 1967-ல் நான்கு பகுதி நாடகமாக எடுத்தது. ‘ஆபரேஷன் டிரஸ்ட்’ என்ற அந்தக் கறுப்பு-வெள்ளைத் தொடரை இயக்கியவர் செர்கெய் கோலஸோவ். லெவ் நிகுலின் எழுதி 1965-ல் வெளியான நாவல்தான் அதற்கு மூலம். நாடகம் உருவான காலத்தையும் கவனிக்க வேண்டும். 1917 டிசம்பரில் ‘செகா’ என்ற பெயரில் பிறந்த சோவியத் உளவுத்துறைக்கு 1967-ல் ஐம்பது வயது நிறைந்தது. மே மாதத்தில் யூரி ஆந்த்ரோபோவ் கே.ஜி.பி-யின் தலைவராகியிருந்தார். ஸ்டாலின் காலத்துக் கொலைகளைப் பற்றி 1956-லேயே குருஷேவ் வாய் திறந்துவிட்டதால், உளவுத்துறையின் பெயர் கறைபட்டுக் கிடந்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு கதை வேண்டுமென்றால் 1920-களுக்குத்தான் போக வேண்டும். ‘டிரஸ்ட்’ அதற்குப் பொருத்தமாக அமைந்தது.

ஆனால், நல்ல கலைஞர்கள் கையில் எடுக்கும் கதை, எடுக்கச் சொன்னவர்களின் நோக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. அதனால்தான் இந்த நாடகத்தை வைத்து இந்த வாரம் பேசுகிறேன்.

ரேவலில் ஒரு சந்திப்பு

அலெக்ஸாண்டர் யாகுஷேவ், ஜார் ஆட்சியில் நீர்வழிப் போக்குவரத்துத் துறையின் உயர் அதிகாரி. மேட்டுக்குடிப் பிள்ளைகள் படிக்கும் அலெக்ஸாண்டர் லைசியத்தில் படித்தவர். புரட்சி அவருடைய பட்டத்தையும் பதவியையும் பிடுங்கிக்கொண்டது. ஆனாலும், ஆறுகளையும் கால்வாய்களையும் பற்றித் தெரிந்தவர்கள் புதிய அரசுக்கும் தேவைப்பட்டார்கள். யாகுஷேவ் சோவியத் வேலையில் சேர்ந்தார். 1921 நவம்பரில் அலுவலக வேலையாக நார்வேக்கும் ஸ்வீடனுக்கும் அனுப்பினார்கள்.

போகும் வழியில் ரேவல் நகரில் இறங்கினார். இன்று அதன் பெயர் தல்லின், எஸ்தோனியாவின் தலைநகரம். அங்கே யூரி அர்தமோனோவ் என்ற முன்னாள் ரஷ்ய அதிகாரியைச் சந்தித்தார். அர்தமோனோவ் அப்போது பிரிட்டிஷ் பாஸ்போர்ட் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பல வருடங்களாக வாயைக் கட்டிப்போட்டிருந்த யாகுஷேவ், நம்மவர் என்று நினைத்து மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார். ரஷ்யாவுக்குள் மன்னராட்சியை விரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் ஒன்றுசேர முடியும் என்றார். அர்தமோனோவுக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டதையெல்லாம் பெர்லினில் இருந்த நண்பருக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார்.

அந்தக் கடிதம் செகாவின் கையில் கிடைத்தது.

மாஸ்கோ திரும்பிய யாகுஷேவைக் கைது செய்தார்கள். விசாரணை நடந்தது. கடைசியில் அவர் அவர்களுக்காக வேலை செய்ய ஒப்புக்கொண்டார். உயிர்ப் பயம் ஒரு காரணம். தன்னை நம்பவைத்துப் பேசவிட்டவர்கள், தன் பெயரோடு சேர்த்து அத்தனையையும் காகிதத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார்களே என்ற கசப்பு இன்னொரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அன்னியப் படைகளின் தயவில் திரும்பிவர நினைக்கும் புலம்பெயர்ந்தோர்மீது அவருக்கு உண்மையிலேயே வெறுப்பு வந்துவிட்டது என்பது சோவியத் தரப்பு சொல்லும் காரணம். ஒரு மனிதன் கட்சி மாறும்போது இதில் எது எத்தனை பங்கு என்று அவனாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

நாடகத்தில் யாகுஷேவாக நடித்தவர் இகோர் கோர்பச்சேவ். 1952-ல் வெளிவந்த ‘இன்ஸ்பெக்டர் ஜெனரல்’ படத்தில் ஹ்லெஸ்தகோவாக நடித்து நாடறிந்தவர். கோகோலின் அந்த நாடகத்தில், ஊர்சுற்றி இளைஞன் ஒருவனைப் பெரிய அதிகாரி என்று ஊரே நம்பி விழுந்து விழுந்து உபசரிக்கும். அவன் ஏமாற்றத் திட்டம் போட்டு வந்தவன் அல்ல. அவர்களுடைய பயம்தான் அவனுக்கு அதிகாரி வேஷம் கட்டியது. அதே முகத்தை, பதினைந்து வருடம் கழித்து, இன்னொரு கூட்டத்தின் ஆசைக்கு ஏற்றபடி வேஷம் கட்டும் யாகுஷேவாகப் பார்த்த சோவியத் பார்வையாளர்களுக்கு அந்த ஒற்றுமை உறைக்காமல் போயிருக்காது.

பழகிய யானை

ஆர்தூர் அர்துஸோவ்தான் இந்தத் திட்டத்தின் மூளை. ஸ்விட்சர்லாந்திலிருந்து ரஷ்யாவுக்கு வந்து பாலாடைக்கட்டி தயாரித்துப் பிழைத்த ஒருவரின் மகன். பெத்ரோகிராத் பாலிடெக்னிக்கில் உலோகவியல் படித்த பொறியாளர். 1922-ல் எதிர்-உளவுப் பிரிவின் தலைவரானபோது அவருக்கு 31 வயது. நாடகத்தில் இந்தப் பாத்திரத்தை அர்மென் ஜிகர்கன்யான் செய்திருக்கிறார். இப்படிப்பட்ட பாத்திரத்துக்கு மேசையைத் தட்டிக் கத்துகிறவர்களைத்தான் போடுவார்கள். ஜிகர்கன்யானின் பலமோ, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை காது கொடுத்துக் கேட்பதில் இருக்கிறது.

உள்ளூரில் அங்கங்கே முணுமுணுத்துக்கொண்டிருந்த சின்னச் சின்ன மன்னராட்சிக் குழுக்களைப் பிடித்து உள்ளே தள்ளுவது செகாவுக்குப் பெரிய காரியம் இல்லை. பிடித்தால் அந்தக் கதை அன்றோடு முடிந்துவிடும், பாரிஸும் பெர்லினும் வேறு ஆட்களைத் தேடும். அதற்குப் பதிலாக, அந்தக் குழுக்களையெல்லாம் சேர்த்து ஒரு பெரிய இயக்கமாக நாமே நடத்தினால் என்ன? காட்டு யானையைப் பிடிக்கக் கும்கியை அனுப்புவதுபோல யாகுஷேவை அனுப்பினார்கள். வாசனை, நடை, குரல் எல்லாம் தன் இனத்தைச் சேர்ந்ததாக இருந்தால்தான் காட்டு யானை பக்கத்தில் வரும்.

‘மத்திய ரஷ்யாவின் மன்னராட்சிச் சங்கம்’ என்பது இயக்கத்தின் பெயர். கடிதப் போக்குவரத்தில் மட்டும் ஒரு வர்த்தக நிறுவனம்போல வேஷம். புதிய பொருளாதாரக் கொள்கை நடைமுறையில் இருந்த அந்த வருடங்களில் அரசுத் தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்புகளுக்கு ‘டிரஸ்ட்’ என்று பெயர். சரக்கு, கடன், பங்குதாரர் என்று எழுதினால் வெறும் வியாபாரக் கடிதமாகத் தெரியும்.

இயக்கத்துக்கு முகம் கொடுத்தவர்கள் கற்பனை மனிதர்கள் அல்ல. ஜெனரல் ஸயோன்ச்கோவ்ஸ்கி, ஜெனரல் பொதாபோவ் இருவரும் ஜாரின் படையில் உண்மையாகவே ஜெனரல்களாக இருந்தவர்கள். பாரிஸில் உட்கார்ந்திருக்கும் பழைய அதிகாரிகளுக்கு அந்தப் பெயர்கள் நன்றாகத் தெரியும். பொதாபோவ் நேரில் போய் நின்றபோது யாருக்குச் சந்தேகம் வரும்? யாகுஷேவும் அவரும் மேற்கு ஐரோப்பாவுக்கே போனார்கள். ஜாரின் சிற்றப்பா முறையான கிராண்ட் டியூக் நிகோலாய் நிகோலாயெவிச்சை யாகுஷேவ் 1923-ல் நேரில் சந்தித்தார். பொய்யின் ஒவ்வொரு செங்கல்லும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் உண்மையாகவே இருந்தது. கட்டடம்தான் பொய்.

அடுத்தது எல்லை. பின்லாந்து, எஸ்தோனியா, போலந்து எல்லைகளில் ‘ஜன்னல்கள்’ என்று அழைக்கப்பட்ட ரகசிய வழிகளை இயக்கம் திறந்துவைத்தது. இந்தப் பக்கம் காவலுக்கு நின்றவர்கள் உளவுத்துறையின் ஆட்கள். கடிதங்களைக் கொண்டுபோக மாஸ்கோவில் இருந்த எஸ்தோனியத் தூதரக அதிகாரி ரோமன் பிர்க் உதவினார். அவரும் சோவியத் பக்கம் சாய்ந்துவிட்டவர்தான்.

1923 ஜனவரியில், பொய்த் தகவல்களைத் தயாரிப்பதற்கென்றே உளவுத்துறைக்குள் ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. செம்படையின் பலம், ஆயுதங்கள், திட்டங்கள் என்று அங்கே சமைத்த ஆவணங்களை டிரஸ்ட் வழியாக அண்டை நாடுகளின் உளவுத்துறைகளுக்குக் கொடுத்தார்கள். போலந்தும் எஸ்தோனியாவும் பின்லாந்தும் அதை நம்பின. போலந்தின் பில்சுட்ஸ்கிதான் சுதாரித்தார். 1926-ல் ஆட்சியைப் பிடித்த அவர் சோவியத்தின் படைதிரட்டும் திட்டத்தைக் கேட்டார். வந்த ஆவணத்தைத் தன் அதிகாரிகளை வைத்துச் சோதித்தபோது அது போலி என்று தெரிந்தது.

இத்தனை உழைப்புக்கும் அடியில் இருந்த நோக்கம் எளிமையானது. புலம்பெயர்ந்தவர்களைக் காத்திருக்க வைக்க வேண்டும். குண்டு வைக்காதீர்கள், உள்ளே நாங்கள் பலம் சேர்க்கிறோம், அவசரப்பட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று டிரஸ்ட் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தது. காத்திருப்பவர்களின் வயது கூடியது. சோவியத் அரசு காலூன்றிக்கொண்டது.

எதிரிக்கு ஒரு முகம்

யாரைக் காத்திருக்க வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1920 நவம்பரில் ஜெனரல் ரான்கெலின் வெள்ளைப்படை கிரைமியாவைக் கைவிட்டபோது 126 கப்பல்களில் சுமார் ஒன்றரை லட்சம் பேர் கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கிளம்பினார்கள். அவர்களில் பலர் பிறகு பாரிஸுக்கும் பெல்கிரேடுக்கும் சிதறினார்கள். கர்னலாக இருந்தவர் டாக்ஸி ஓட்டினார், கேப்டன் ரெனோ கார் தொழிற்சாலையில் நின்றார். ஊருக்குத் திரும்பும் நாள் வரும் என்ற நினைப்பில்தான் ஒவ்வொரு நாளும் கழிந்தது. அந்த நாள் வரப்போகிறது என்று ஒருவர் வந்து சொல்லும்போது, அவரிடம் குறுக்குக் கேள்வி கேட்கும் தெம்பு எத்தனை பேருக்கு இருக்கும்?

மரியா ஸகார்செங்கோ அந்த ஒன்றரை லட்சத்தில் ஒருத்தி. பீட்டர்ஸ்பர்கின் ஸ்மோல்னி பெண்கள் கல்வி நிலையத்தில் படித்தவள். முதல் உலகப்போரின் தொடக்கத்திலேயே கணவனை இழந்தாள். கைக்குழந்தையை உறவினர்களிடம் விட்டுவிட்டு ஹுஸார் குதிரைப்படையில் சேர்ந்து போர்முனைக்குப் போனாள், வீரப்பதக்கம் வாங்கினாள். இரண்டாவது கணவர் உள்நாட்டுப் போரில் இறந்தார். பாரிஸில் ஜெனரல் குதெபோவின் போராளி அமைப்பில் சேர்ந்தபோது அவளுக்கு இழப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. 1923 இலையுதிர்காலத்தில், மூன்றாவது கணவரான கியார்கி ராத்கோவிச்சுடன் எல்லையைக் கடந்து ரஷ்யாவுக்குள் வந்தாள். டிரஸ்டின் கைக்குத்தான் வந்து சேர்ந்தாள். அடுத்த மூன்றரை ஆண்டுகள் உயிரைப் பணயம் வைத்து எல்லைகளுக்கிடையே ஓடினாள். குதெபோவுக்கு அவள் எழுதிய கடிதங்கள் உளவுத்துறையின் கண்ணில் பட்ட பிறகே பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்தன.

இந்தப் பாத்திரத்துக்குக் கோலஸோவ் தேர்ந்தெடுத்தது தன் மனைவி லுத்மிலா கஸாத்கினாவை. சில வருடங்களுக்கு முன்னால் அவர் இயக்கிய ‘எங்கள்மீதே சுடுங்கள்’ என்ற நான்கு பகுதித் தொடர்தான் சோவியத் தொலைக்காட்சியின் முதல் தொடர் நாடகமாகக் கருதப்படுகிறது. அதில் ஜெர்மானிய விமானத்தளத்துக்கு அருகில் தலைமறைவாகப் போராடிய ஆன்யா மொரோஸோவாவாக நடித்து வீட்டுக்கு வீடு அறிமுகமாகியிருந்தார் கஸாத்கினா. தேசமே தன் மகளாக நினைத்த அந்த முகத்தை எடுத்து, கோலஸோவ் எதிரிக்குப் பொருத்தினார்.

இது சாதாரணத் துணிச்சல் இல்லை. சோவியத் திரையில் வெள்ளைப்படைக்காரர்கள் பெரும்பாலும் குடித்துவிட்டுக் கத்தும் கொடியவர்களாகவே வருவார்கள். கஸாத்கினாவின் மரியா களைத்துப்போனவள், பிடிவாதக்காரி, தன் காரணத்தை முழுமையாக நம்புகிறவள். அவளைச் சுற்றி இருக்கும் ஒவ்வொருவரும் நடிக்கிறார்கள் என்பது பார்வையாளருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. யாகுஷேவ் திறமையாகப் பொய் சொல்லும் காட்சிகளில் அவருக்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் திரைக்கதை எதிர்பார்க்கிறது. கேமரா மரியாவின் பக்கம் திரும்பியதும் அந்தச் சந்தோஷம் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. நாடகத்தில் ஒரே ஒருத்திதான் உண்மையாக வாழ்கிறாள், அவள்தான் எதிரி.

ஆழம் தெரியாமல் விட்ட கால்

டிரஸ்டின் வலையில் விழுந்தவர்களில் மிகப் பிரபலமானவர் சிட்னி ரெய்லி. ரோஸன்புளும் என்ற பெயரில் பிறந்து, பிரிட்டிஷ் உளவாளியாகி, 1918-ல் மாஸ்கோவில் லெனின் அரசைக் கவிழ்க்கும் சதியில் ஈடுபட்டுத் தப்பியவர். அவர் இல்லாமலேயே சோவியத் நீதிமன்றம் மரண தண்டனை விதித்திருந்தது. 1925-ல் பிரிட்டிஷ் உளவுத்துறை அவரிடமிருந்து விலகியிருந்தது. அந்த நேரத்தில்தான், பால்டிக் பகுதியில் வேலை பார்த்த பிரிட்டிஷ் உளவு அதிகாரி எர்னஸ்ட் பாய்ஸ், வியாபார விஷயம் பேசுவதுபோல எழுதிய கடிதத்தில் டிரஸ்டைப் பற்றி அவருக்குச் சொன்னார்.

செப்டம்பரில் ரெய்லி பின்லாந்து வந்தார். வீபோர்க் நகரில் யாகுஷேவைச் சந்தித்தார். சில நாள்களில் திரும்பிவிடலாம் என்று மனைவி பெபிட்டாவுக்கு எழுதினார். செப்டம்பர் 25-ம் தேதி இரவு, எல்லையாக ஓடிய செஸ்த்ரா ஆற்றைக் கடந்தார். மறுகரையில் தோய்வோ வாஹா என்ற எல்லைக் காவலர் காத்திருந்தார். லஞ்சம் வாங்கிக்கொண்டு உதவும் காவலராக அவர் மாதக்கணக்கில் நடித்துவந்தார். மாட்டிக்கொள்ளாமல் குதிரை வண்டியில் பார்கோலவா ரயில் நிலையம், அங்கிருந்து லெனின்கிராத், பிறகு மாஸ்கோ.

செப்டம்பர் 27-ம் தேதி மாஸ்கோவுக்கு வெளியே மலாஹவ்காவில் உள்ள ஒரு பண்ணைவீட்டில் இயக்கத்தின் ‘தலைவர்களோடு’ கூட்டம். இயக்கத்துக்குப் பணம் சேர்ப்பதற்கு ரெய்லி யோசனைகள் சொன்னார். தான் மாஸ்கோவுக்கு வந்துபோனதற்கு அடையாளமாக ஒரு தபால் அட்டை எழுதி வெளிநாட்டு நண்பருக்கு அனுப்ப ஆசைப்பட்டார். அதற்கும் விட்டார்கள். அட்டை தபாலில் சேர்ந்தது. அன்றிரவே ரெய்லி கைதானார்.

டிரஸ்ட் பிழைக்க வேண்டுமென்றால் ரெய்லி மாஸ்கோவில் பிடிபட்டதாக இருக்கக் கூடாது. எனவே செப்டம்பர் 28-ம் தேதி இரவு, பின்லாந்து எல்லையை ஒட்டிய அலக்யூல் கிராமத்துக்குப் பக்கத்தில், துப்பாக்கிச் சண்டை ஒன்றை நடத்திக் காட்டினார்கள். வெடிச்சத்தம் அந்தப் பக்கம் காத்திருந்தவர்களின் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். திரும்பிவரும்போது ரெய்லி சுடப்பட்டார் என்று உலகம் நம்பியது. டிசம்பரில் பெபிட்டா லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் இரங்கல் அறிவிப்பு கொடுத்தபோதும், அலக்யூல் அருகே கொல்லப்பட்டார் என்றுதான் குறிப்பிட்டார். நாடகத்தை நம்பவைப்பதற்காக வாஹாவும் மறைந்துபோக வேண்டியிருந்தது. பதக்கம் கிடைத்தது, சொந்தப் பெயர் போயிற்று. அதன்பிறகு இவான் பெத்ரோவ் என்ற பெயரில் வாழ்ந்தார்.

உண்மையில் ரெய்லி லுபியான்கா சிறையில் இருந்தார். சிகரெட் சுற்றும் காகிதங்களில் நாள்குறிப்பு எழுதி ஒளித்துவைத்தார். அக்டோபர் 30-ம் தேதி உளவுத்துறைத் தலைவர் ஜெர்ஜின்ஸ்கிக்கு எழுதிய கடிதத்தில், தெரிந்ததைச் சொல்ல ஒப்புக்கொண்டார். நவம்பர் 5-ம் தேதி மாஸ்கோவின் சகோல்னிகி பகுதிக் காட்டில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

இதே கதையைப் பிரிட்டிஷ் தொலைக்காட்சி 1983-ல் ‘ரெய்லி, ஏஸ் ஆஃப் ஸ்பைஸ்’ என்று பன்னிரண்டு பகுதிகளாக எடுத்தது. சாம் நீல் ரெய்லியாக நடித்த அந்தத் தொடரின் பத்தாவது பகுதிக்குப் பெயரே ‘தி டிரஸ்ட்’. இயக்குநர்களில் ஒருவரான மார்ட்டின் கேம்ப்பெல் பிற்பாடு ஜேம்ஸ் பாண்ட் படங்கள் எடுத்தவர். தொடக்க இசை ஷோஸ்தகோவிச் ஒரு சோவியத் படத்துக்காக எழுதியது. தொடர் நேர்த்தியானது, ஆனால் அது ரெய்லியின் வசீகரத்தில் மயங்கிவிடுகிறது. துணிச்சலான ஒரு சாகசக்காரன் துரோகத்தால் வீழ்ந்தான் என்பதோடு கதையை முடித்துக்கொள்கிறது. கோலஸோவின் நாடகத்தில் ரெய்லி வந்துபோகும் ஒரு பாத்திரம்தான். வலை எப்படிப் பின்னப்பட்டது, அதற்குள் வருடக்கணக்கில் வாழ்வது எப்படியிருக்கும் என்பதில் அதன் கவனம் இருக்கிறது. இந்த விஷயத்தில் சோவியத் நாடகம்தான் பெரிய படைப்பு என்பது என் உறுதியான கருத்து.

போலீஸ் திருத்திய புத்தகம்

ரெய்லி போன மூன்றே மாதத்தில் இன்னொருவர் வந்தார். வசீலி ஷூல்கின். 1917 மார்ச்சில் ஜார் இரண்டாம் நிகோலாஸிடமிருந்து பதவி விலகல் கடிதத்தைப் பெற்றுவந்த இருவரில் ஒருவர். கிரைமியாவில் காணாமல்போன தன் மகனைத் தேட வேண்டும், அதற்கு டிரஸ்ட் உதவ வேண்டும் என்று கேட்டார். 1925 டிசம்பரில் போலிப் பெயரில் எல்லை கடந்தார். கீவ், மாஸ்கோ, லெனின்கிராத் மூன்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, 1926 பிப்ரவரியில் பத்திரமாகத் திரும்பினார். அவரை ரஷ்யாவுக்குள் அழைத்துச் சென்றவர்கள், தங்கவைத்தவர்கள், டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் டிரஸ்டின் ஏற்பாடு. மகனை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பயணத்தைப் பற்றி ‘மூன்று தலைநகரங்கள்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். ரஷ்யா சாகவில்லை, பொருளாதாரம் தலைதூக்குகிறது என்று அதில் சொன்னார். தனக்கு உதவியவர்கள் யாரையும் தவறிக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், அச்சுக்குப் போகுமுன் கைப்பிரதியை டிரஸ்டின் பார்வைக்கு மாஸ்கோவுக்கு அனுப்பிவைத்தார். சோவியத் உளவுத்துறை படித்துப் பார்த்த பிறகுதான், சோவியத்தின் பரம எதிரி எழுதிய அந்தப் புத்தகம் 1927-ல் வெளிவந்தது.

இந்த ஓர் இடத்தில்தான் டிரஸ்டின் முழு விஷமும் எனக்குப் புரிகிறது. ரெய்லியை வீழ்த்தியது அவருடைய அகம்பாவம் என்று சொல்லிவிடலாம். ஷூல்கினிடம் வேலை செய்தது ஒரு தகப்பனின் பாசமும் நண்பர்களைக் காப்பாற்றும் அக்கறையும். நல்ல குணங்களைப் பிடிகயிறாக வைத்து மனிதனை இழுத்தார்கள்.

குட்டு உடைந்தது

1927 ஏப்ரலில் எல்லாம் முடிந்தது. டிரஸ்டின் நிதிப் பொறுப்பில் இருந்த எட்வார்ட் ஓபர்புட், மரியாவிடம் உண்மையைச் சொல்லி, அவளோடு பின்லாந்துக்கு ஓடினார். பிறகு பத்திரிகைகளில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். நாடகத்தில் இந்தச் சிக்கலான மனிதராக வருபவர் பிற்பாடு ‘சோலாரிஸ்’ படத்தில் நடித்த லித்துவேனிய நடிகர் தொனாதஸ் பனியோனிஸ். ஓபர்புட் உண்மையாகவே தப்பினாரா, அல்லது அதுவும் உளவுத்துறையின் ஏற்பாடா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை.

மரியாவின் நிலையை யோசித்துப் பாருங்கள். மூன்றரை ஆண்டு உழைப்பு எதிரிக்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துவிட்டது. ரெய்லியை நம்பவைத்து அனுப்பியதில் அவளுக்கும் பங்கு இருந்தது. பாரிஸில் போய் ஒதுங்கி வாழ்ந்திருக்கலாம். அவள் திரும்பவும் எல்லையைக் கடந்தாள். ஜூன் தொடக்கத்தில் ஓபர்புட்டும் அவளும் இன்னொரு தோழரும் மாஸ்கோவில் மாலாயா லுபியான்கா தெருவில் உளவுத்துறைக்காரர்களின் குடியிருப்பைத் தகர்க்க முயன்றார்கள். குண்டு வெடிக்கவில்லை. மேற்கு எல்லையை நோக்கித் தப்பியோடும்போது சுற்றி வளைக்கப்பட்டு இறந்தார்கள். மரியாவுக்கு வயது 33.

அதே ஜூன் 7-ம் தேதி வார்சாவில் சோவியத் தூதர் வோய்க்கோவை ஒரு ரஷ்ய இளைஞன் சுட்டுக் கொன்றான். அதற்குப் பதிலடியாக, சிறையிலிருந்த முன்னாள் பிரபுக்கள், அதிகாரிகள் 20 பேரை நீதிமன்ற விசாரணை இல்லாமல் சுட்டுக் கொன்றதாக மாஸ்கோ அறிவித்தது. ரத்தம் சிந்தாமல் அறிவால் ஜெயித்த நடவடிக்கை என்று டிரஸ்டைப் புகழ்கிறவர்கள் இந்த இருபது பேரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நாடகம் முடிந்த பிறகு

திரையில் சொல்லப்படும் கதை 1927-ல் முடிகிறது. அதில் ஜெயித்தவர்களின் வாழ்க்கை இன்னும் பத்து வருடம் ஓடியது. யாகுஷேவ் 1930-களில் கைதாகி, சிறைமுகாமில் இறந்தார். டிரஸ்டின் அன்றாட வேலைகளைக் கவனித்த விக்டர் ஸ்தீர்னேயும், ரெய்லி, சவின்கோவ் விவகாரங்களில் முன்னின்ற செர்கெய் புஸீத்ஸ்கியும் 1937-ல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அர்துஸோவை அந்த ஆண்டு மே மாதம் கைது செய்தார்கள். அன்னிய நாடுகளின் உளவாளி, சதிக்கூட்டத்தின் உறுப்பினர் என்பது குற்றச்சாட்டு. ஆகஸ்ட் 21-ம் தேதி சுட்டார்கள். அந்தச் சதிக்கூட்டம் எங்கும் இருக்கவில்லை.

இதைத் தர்மத்தின் கணக்கு என்று சொல்லிக் கடந்துபோவதில் எனக்கு உடன்பாடில்லை. அர்துஸோவ் வாங்கிய அடி அவர் செய்ததற்கான தண்டனை அல்ல. அவரோடு சேர்ந்து லட்சக்கணக்கானவர்கள், ஒரு பொய்யும் சொல்லாத ஆசிரியர்களும் விவசாயிகளும், அந்த வருடங்களில் அதே குழியில் விழுந்தார்கள். நான் பார்ப்பது வேறு தொடர்பு. 1921-ல் ஓர் அரசு, இல்லாத இயக்கத்தை உருவாக்குவது எப்படி என்று கற்றுக்கொண்டது. பெயர் வைத்தது, பொறுப்பாளர்களை நியமித்தது, கடிதங்கள் எழுதியது, உறுப்பினர்களைச் சேர்த்தது. அந்தத் திறமை எதிரிக்கு எதிராகப் பயன்பட்டவரை அது சாதனை. பதினாறு வருடம் கழித்து இல்லாத சதிகளுக்கு உறுப்பினர் பட்டியல் தயாரிக்கும் வேலை வந்தபோது, அரசுக்குக் கை பழகியிருந்தது. 1920-களில் பொய் இயக்கத்தைக் காட்ட உண்மையான ஜெனரல்களையாவது தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. 1937-ல் அடித்து வாங்கிய ஒரு கையெழுத்து போதுமானதாக இருந்தது.

அதனால்தான் கோலஸோவின் நாடகத்தை இன்றும் பார்க்கச் சொல்கிறேன். உளவுத்துறையின் பெருமையைச் சொல்லக் கிடைத்த வாய்ப்பில், அவர் ஏமாற்றப்பட்டவளின் முகத்தையும் பதிவு செய்துவிட்டார். அந்த முகம் இல்லாவிட்டால் டிரஸ்ட் வெறும் புத்திசாலித்தனமான ஆட்டமாக மட்டும் நம் மனதில் தங்கியிருக்கும். கஸாத்கினாவைப் பார்த்தவர்களால் அந்த ஆட்டத்துக்கு முழு மனதோடு கைதட்ட முடியாது. எதிரியைப் பிடிக்கத்தானே என்று, இல்லாத ஒன்றை இருப்பதாக ஜோடிக்கும் அதிகாரத்தை ஓர் அரசின் கையில் ஒப்படைக்கிறவர்கள், அந்த ஜோடனையில் தங்கள் பெயரும் எழுதப்படலாம் என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறார்கள். சோவியத் மக்கள் அதற்குக் கொடுத்த விலை நமக்குத் தெரியும்.

டிரஸ்ட் உடைந்ததும், அதில் ஏமாந்த ஜெனரல் குதெபோவ் இனி யாரையும் நம்புவதில்லை என்று முடிவெடுத்தார். அவரை எல்லைக்கு இந்தப் பக்கம் வரவழைக்க முடியாது என்று தெரிந்ததும், மாஸ்கோ தன் ஆட்களைப் பாரிஸுக்கே அனுப்பியது. 1930 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை காலை, தேவாலயத்துக்குக் கிளம்பிய குதெபோவுக்கு நடந்ததை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)